அடுப்பேற்றாத சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முளைப்பயறு, பச்சைக் காய்கறி, தேங்காய்ப்பால், நீராகாரம், உப்புநீரில் புளித்த காய் ஆகியவற்றை வீட்டில் செய்வது பற்றி வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நம் ஊர் வெயிலையும் நம் ஊர்த் தண்ணீரையும் மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. இதைச் சாப்பிட்டால் எல்லா நோயும் ஓடிவிடும் என்று யாராவது சொல்லக் கேட்டு வந்திருந்தால், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

பச்சை உணவும் உயிருள்ள உணவும் ஒன்றுதானே?

இல்லை. சூடு படாதது பச்சை உணவு, அவ்வளவுதான். நறுக்கிய வெள்ளரி, ஊறிய நிலக்கடலை, தேங்காய்த் துருவல் எல்லாம் அதில் சேரும். உயிருள்ள உணவில் ஏதோ ஒன்று இன்னும் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும்: முளைவிடும் பயறு, தயிரில் இருக்கும் பாக்டீரியா போல. இரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. பழைய சோறு நன்றாக வெந்த சோறுதான், ஆனால் விடிவதற்குள் அதன் தண்ணீரில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகியிருக்கும். இட்லி இதற்கு நேர்மாறு. மாவாக இருக்கும் வரை பொங்கி வழிகிறது. இட்லிப் பானையில் வெந்து இறங்கும்போது அந்த பாக்டீரியாக்கள் செத்துப்போயிருக்கும். இட்லி நல்ல உணவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை 'புரோபயாடிக்' (உயிருள்ள நல்ல பாக்டீரியா கொண்டது) என்று சொல்லி விற்பதுதான் சரியில்லை.

இதெல்லாம் வெளிநாட்டு மோகம்தானே?

பாதி உண்மை. சுவிட்சர்லாந்தில் மருத்துவர் பிர்ஷர்-பென்னர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஊறவைத்த ஓட்ஸில் ஆப்பிளைத் துருவிப் போட்டு, எலுமிச்சைச் சாறும் கொட்டைகளும் சேர்த்துத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். இன்று 'மூஸ்லி' என்று பாக்கெட்டில் வருவதன் மூலம் அதுதான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆன் விக்மோர் முளைகளையும் கோதுமைப்புல் சாற்றையும் பரப்பினார். நம்மவர்களில் காந்தி 1893-இல் பிரிட்டோரியாவில் சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்து, உடம்பு ஒத்துழைக்காமல் சில நாள்களிலேயே விட்டார். 1929-இல் மறுபடி முளைவிட்ட கோதுமை, அரைத்த பாதாம் என்று ஆரம்பித்தார். வயிற்றுக்கடுப்பு வந்து அதுவும் நின்றது. பிடிவாதத்துக்குப் பேர்போனவருக்கே இந்தக் கதி.

மறுபாதி நம் வீட்டிலேயே இருக்கிறது. ராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு கொடுக்கும் வடைப்பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, பொடியாக நறுக்கிய மாங்காய், தேங்காய்த் துருவல், பச்சைமிளகாய், கொத்தமல்லி, உப்பு போட்டுப் பிசறினால் ஆயிற்று. அடுப்பு தாளிக்க மட்டும்தான், அதுவும் விருப்பமிருந்தால். பருப்பை விரல் நகத்தால் அழுத்தினால் இரண்டாக உடைய வேண்டும், மசியக் கூடாது. உப்பைப் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் போட வேண்டும், இல்லாவிட்டால் கிண்ணத்தடியில் தண்ணீர் தேங்கிவிடும். மாவிளக்கு மாவும் வேகாத மாவுதான். ஊறி, நிழலில் உலர்ந்த பச்சரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நெய்யில் திரி எரிந்து முடிந்ததும் அப்படியே பிட்டுத் தின்கிறோம்.

முளைகட்டுவதை முதலிலிருந்து சொல்லுங்கள்.

பாசிப்பயறில் தொடங்குங்கள். அதைப்போலச் சொன்ன பேச்சைக் கேட்கும் பயறு வேறு இல்லை.

ஒரு கப் பயறைப் பொறுக்கி, மூன்று நான்கு முறை கழுவி, மூன்று கப் தண்ணீரில் இரவு ஊறப்போடுங்கள். எட்டு மணி நேரம் போதும். காலையில் மிதப்பதைத் தூக்கி எறியுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை அலசுங்கள். அடுத்த படிதான் முக்கியம்: தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும். வடிதட்டில் பத்து நிமிடம் சாய்த்து வைத்தால் அடியில் சொட்டுவது நிற்கும். பிறகு துவைத்து வெயிலில் காய்ந்த பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, அதில் பயறைத் தளர்வாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவில் இருக்கும் பயறு சூடாகிப் புழுங்கும். பயறுக்கு முளைவிடும்போது மூச்சு உண்டு, அந்த மூச்சில் சூடும் உண்டு. மூட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தால் தெரியும்.

காலையும் மாலையும் ஒருமுறை மூட்டையை அவிழ்த்து அலசி, வடித்து, திரும்பக் கட்டுங்கள். சென்னை மே மாதத்தில் பன்னிரண்டு மணி நேரத்திலேயே வால் எட்டிப்பார்க்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இரண்டு நாள்கூட ஆகும். முளை அரை விரற்கடை வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஒரு கப் பயறு மூன்று கப் அளவுக்குப் பெருகும் என்பதால் முதல் தடவையே கிலோ கணக்கில் ஊறப்போட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: விதைக்கடையில் வாங்கிய விதையை முளைகட்டித் தின்னாதீர்கள். விதைப்புக்கானவற்றில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். பெரும்பாலும் சாயமும் ஏற்றியிருக்கும். மளிகைக் கடைப் பயறே போதும்.

முளைப்பயறு வழவழப்பாகி நாற்றம் அடிக்கிறது. ஏன்?

தண்ணீர் தேங்கியிருக்கும், அல்லது அலசாமல் விட்டிருப்பீர்கள், அல்லது வெக்கை. மூன்றில் முதலாவதுதான் அதிகம். நாறியதைக் கழுவிச் சாப்பிடலாமா என்று கேட்காதீர்கள், உரத்துக்குப் போடுங்கள். கோடையில் முளை எட்டிப்பார்த்ததுமே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை வராது. உள்ளேயும் மெதுவாக வளரும்.

வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கிறதே, பூஞ்சையா?

ராகி, கம்பு, முள்ளங்கி விதைகளில் இது அடிக்கடி தெரியும். பெரும்பாலும் அது வேர்த்தூவி. பூஞ்சையா என்று பார்க்க, தண்ணீரில் அலசுங்கள். வேர்த்தூவி படிந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும், வாசனையும் மாறியிருக்காது. பூஞ்சை சிலந்தி வலை போல ஒரு விதையிலிருந்து இன்னொரு விதைக்குத் தாவிப் பிடித்திருக்கும், முடை அடிக்கும்.

எதை முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடலாம்? எதைக் கூடாது?

பாசிப்பயறும் வெந்தயமும் பச்சையாக நன்றாக இருக்கும். வெந்தயம் முளைத்தால் கசப்பு குறையும். கொண்டைக்கடலையை முளைகட்டலாம், ஆனால் பச்சையாகக் கடித்தால் பல்லுக்கும் வேலை, வயிற்றுக்கும் வேலை. அதை ஆவியில் வைப்பதே நல்லது. கொள்ளு, காராமணியும் அப்படியே.

ராஜ்மா பக்கம் மட்டும் பச்சையாகப் போகவே கூடாது. அதிலுள்ள லெக்டின் நச்சு, வேகாத நாலைந்து கொட்டையிலேயே வாந்தி பேதியைக் கொண்டுவந்துவிடும். முளைகட்டினாலும் அது போகாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு குழைய வேகவைக்க வேண்டும். மொச்சை, சோயாவையும் வேகவைத்தே சாப்பிடுங்கள். மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்றால் உடம்பில் சயனைடு உண்டாகும். சேப்பங்கிழங்கு தொண்டையை அரித்துத் தானாகவே புத்தி சொல்லிவிடும். உருளைக்கிழங்கில் பச்சை பாரித்த பகுதியை வேகவைத்தாலும் உண்ணக் கூடாது.

முளைவிட்டால் சத்து பல மடங்கு கூடுமாமே?

எந்தச் சத்து என்பதைப் பொறுத்தது. காய்ந்த பாசிப்பயறில் வைட்டமின் சி ஏறக்குறைய இல்லை எனலாம். முளைத்ததில் 100 கிராமுக்கு சுமார் 13 மில்லிகிராம் வரும். இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது, அதனால் அவை உடம்பில் சேர்வது எளிதாகும். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளும் குறையும்.

புரதம் கூடுவதில்லை. காய்ந்த பயறில் 100 கிராமுக்கு 24 கிராம் இருக்கும். முளைத்தபின் தண்ணீர் ஏறிவிடுவதால் எடைக்கு எடை அதைவிட மிகக் குறைவு. ஒரு கிண்ணம் முளைப்பயறைப் புரதத்துக்காக மட்டும் தின்பவர்கள் ஒரு கரண்டி பருப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சமைத்தால் நொதிகள் (என்சைம்கள்) அழிந்துவிடும், அதனால் செரிமானம் கெடும் என்கிறார்களே?

உணவை 48 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அதன் நொதிகள் செத்துவிடும் என்பது பச்சை உணவு இயக்கத்தின் மூல மந்திரம். அநேக நொதிகள் சூட்டில் செயலிழப்பது உண்மைதான், சில இன்னும் கொஞ்சம் அதிகச் சூட்டையும் தாங்கும். ஆனால் உணவோடு போகும் நொதிகளில் பெரும்பாலானவற்றை இரைப்பை அமிலமே சிதைத்துவிடுகிறது. செரிமானத்துக்கு வேண்டியதைக் கணையமும் குடலும் சுரந்துகொள்கின்றன. பச்சையாகச் சாப்பிடுவதில் லாபம் இல்லாமல் இல்லை: வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை கொதிநீரில் வீணாகாது, நன்றாக மென்று தின்போம், உப்பும் எண்ணெயும் குறையும். மறுபக்கம், தக்காளியின் லைகோபீனும் கேரட்டின் பீட்டா கரோட்டினும் எண்ணெயில் கொஞ்சம் வதங்கினால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். கேரட் பொரியலைச் சமைத்த குற்றத்துக்காக யாரும் வருந்த வேண்டாம்.

முளைப்பயறு ஆபத்து என்று செய்தியில் பார்த்தேன்.

2011-இல் ஜெர்மனியில் நடந்ததைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முளைவிட்ட வெந்தயத்திலிருந்து கொடிய ஈ.கோலை பாக்டீரியா பரவி சுமார் 4,000 பேர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதலில் வெள்ளரிக்காயின் மேல் பழி விழுந்தது. பிறகுதான் எகிப்திலிருந்து வந்த வெந்தயம் பிடிபட்டது.

விஷயம் இதுதான்: விதையின் மேல்தோல் கீறலில் கிருமி ஒளிந்திருந்தால், எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது. முளை வளர வேண்டிய ஈரமும் வெப்பமும் கிருமிக்கும் அப்படியே பொருந்தும். வீட்டில் செய்வதால் மட்டும் அது பாதுகாப்பாகிவிடாது. கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், வயதானவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு முளைப்பயறை நன்றாக ஆவியில் வேகவைத்தே கொடுங்கள். இதில் 'கொஞ்சமாகக் கொடுக்கலாமா' என்ற பேரமே வேண்டாம். மற்றவர்களும் அலசுவதற்குக் கொதித்து ஆறிய தண்ணீரைப் பயன்படுத்தினால் ஒரு வழியையாவது அடைத்தது போலாகும்.

காய்கறியை உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைத்தால் கிருமி போகுமா?

பழக்கம் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நாடாப்புழு முட்டைகளை உப்புத்தண்ணீர் ஒன்றும் செய்யாது. அவை வயிற்றுக்குள் போய், புழுக்கூடு மூளையில் தங்கினால் வலிப்பு வரும். நம் நாட்டில் இது அரிதான நோய் இல்லை. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதுதான் உருப்படியான வேலை. முட்டைக்கோஸின் வெளி இலைகளை இரண்டு மூன்று அடுக்கு உரித்து எறியுங்கள். கீரையையும் கொத்தமல்லியையும் கட்டைப் பிரித்து, வேரை வெட்டி, அகலப் பாத்திரத்தில் முக்கி எடுங்கள். அடியில் மண் படிவது நிற்கும் வரை தண்ணீரை மாற்ற வேண்டும். முக்கியமாக, கழுவிய பிறகு நறுக்குங்கள். கீரையைப் பச்சையாகத் தின்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, அது வாணலிக்கே பிறந்தது.

அப்புறம், மீன் வெட்டிய பலகையில் வெள்ளரி நறுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிக்கலாமா?

குடிப்பதற்கு முன் ஒரு துண்டை வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். சுரை, வெள்ளரி, பீர்க்கு இனங்களில் சில சமயம் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு கூடிவிடும். கசந்த சுரைச் சாற்றை மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்து இரத்த வாந்தி எடுத்தவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே நிபுணர் குழு போட்டு ஆராய்ந்தது. கசந்தால் குடிக்காதே, மற்றச் சாறுகளோடு கலக்காதே என்பதுதான் அவர்கள் சொன்னதும். பாகற்காய், நெல்லிக்காயோடு கலந்து அடித்தால் சுரையின் கசப்பு தெரியாமல் போய்விடும், ஆபத்து அங்கேதான். குடித்தபின் வாந்தி, வயிற்றுவலி வந்தால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று ஆக்சலேட், சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய பொருள். கேரளத்தில் இரும்பன் புளி என்று சொல்லும் பிலிம்பிக்காயின் சாற்றைக் கொழுப்பு குறைய வேண்டுமென்று குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாலக்கீரையைத் தினமும் பச்சையாக அரைத்துக் குடிப்பவர்கள், முக்கியமாகச் சிறுநீரகக் கல் வந்தவர்கள், யோசிக்க வேண்டும். காயைக் கடித்துத் தின்றால் வயிறே போதும் என்று நிறுத்திவிடும். சாறாக்கினால் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது.

தேங்காய்ப்பால் எவ்வளவு நேரம் தாங்கும்?

பச்சையாக வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம். கோடையில் அதுவும் இல்லை. அரை மூடித் துருவலுக்கு அரை கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் முறுக்கிப் பிழிந்தால் கெட்டியான முதல் பால் வரும். நாட்டுச் சர்க்கரையும் ஏலமும் தட்டிப்போட்டு உடனே குடித்துவிட வேண்டும். நிலக்கடலைப் பாலுக்குக் கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி அரையுங்கள். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. அதிலிருக்கும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு ஊறினாலும் போகாது, வறுத்தாலும் முழுசாகப் போகாது.

உப்பில் ஊறும் மாவடு உயிருள்ள உணவுதானா?

பச்சை உணவு என்று தாராளமாகச் சொல்லலாம். காம்போடு இருக்கும் வடுவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பைப் போட்டுக் குலுக்கி வைக்கிறோம். இரண்டு மூன்று நாளில் வடு சுருங்கித் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரிலேயே மிளகாய்வற்றல், கடுகு, மஞ்சளை அரைத்து ஊற்றுகிறோம். ஆனால் அந்த அளவு உப்பில் பாக்டீரியாவுக்குப் பெரிதாக வேலை இல்லை. மாவடுவைக் காப்பது உப்பும் மாங்காயின் புளிப்பும்தான்.

நிஜமாகவே நொதித்த காய் வேண்டுமானால் உப்பைக் குறைக்க வேண்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 25 கிராம் கல் உப்பு. அதில் கேரட், முள்ளங்கி, இஞ்சித் துண்டுகள் முழுக்க மூழ்கட்டும். மேலே ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து அழுத்தலாம். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். இரண்டாம் மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கி, குமிழி வந்து, புளிப்பு வாசனை எழும். அப்போது ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேலே வெள்ளை ஆடை மட்டும் படிந்திருந்தால் வழித்து எறியலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்புப் பூசணம் என்றால் ஜாடியோடு காலி செய்யுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக் கணக்கை மறக்க வேண்டாம்.

பழைய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுகிறதாமே?

வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் செய்தி. இரும்பு ஒரு தனிமம், பானைக்குள் புதிதாக உற்பத்தி ஆகாது. அரிசியில் ஏற்கெனவே இருந்தது நொதித்த பிறகு உடம்பில் சேர்வது எளிதாகலாம், அதுவே நல்ல விஷயம்தானே. இருபது மடங்கு எதற்கு?

செய்முறையில் ஒரே கண்டிப்பு: சோறு ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள். மதியம் வடித்த சோறு இரவு வரை மூடிக்கிடந்து, பிறகு தண்ணீர் ஊற்றுவது வேண்டாம். வேகும்போது சாகாத பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அந்த வெதுவெதுப்பில் விழித்துக்கொண்டு நச்சு சுரக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. காலையில் இனிய புளிப்பு வாசனை இருக்க வேண்டும். சோறு நூல்விட்டால் கொட்டிவிடுங்கள்.

அவல், முந்திரி, வெல்லம் பச்சை உணவுக் கணக்கில் வருமா?

வராது. அவலுக்கு நெல்லை ஊறவைத்து வறுத்த பிறகுதான் இடிக்கிறார்கள். முந்திரியின் ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருப்பதால், கொட்டையை வறுத்தோ ஆவி காட்டியோதான் உடைக்க முடியும். வெல்லம் கொப்பரையில் காய்ந்தது. இதனால் என்ன குறைந்துவிட்டது? ஊறிய அவலில் தேங்காயும் வெல்லமும் போட்டுத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

மூன்று வேளையும் இப்படியே சாப்பிடலாமா?

நான் பரிந்துரைக்க மாட்டேன். வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பும்படியாகக் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை எதுவும் இல்லாதவர்கள் மாத்திரைக்குத்தான் போக வேண்டும். ஜெர்மனியின் கீசன் நகர ஆய்வாளர்கள் நீண்ட காலம் பச்சை உணவு உண்டவர்களை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு மாதவிலக்கு தவறியோ நின்றோ போயிருந்தது. ஒரு வேளை, அதுவும் காலை அல்லது இரவு, போதும். நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு முதல் வாரம் உப்புசம் காட்டும், அளவை மெதுவாகக் கூட்டுங்கள். சர்க்கரைக்கோ இரத்தம் உறையாமல் இருக்கவோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

காய்ச்சாத பால்? குழந்தைக்குத் தேன்?

பால் கறந்த சூட்டோடு குடிப்பது வேண்டாம். புரூசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் நோய், மாட்டுக் காசநோய் இரண்டும் அந்த வழியில் வரும். காய்ச்சி ஆறவைத்த பாலில் உறை ஊற்றினால் தயிரில் உயிருக்குக் குறைவில்லை. ஒரு வயது ஆகும் வரை குழந்தைக்குத் தேன் கூடாது, நாக்கில் தொட்டு வைப்பதும்கூட.

இதற்கென்று என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு மீட்டர் மல் துணி, ஒரு வடிதட்டு, அகலவாய்க் கண்ணாடி ஜாடி. மிக்ஸி எப்படியும் இருக்கும். வற்றல் போட மொட்டைமாடி இருக்கும்போது உலர்த்தும் இயந்திரம் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மழை மாதத்தில் வற்றல் போடாமல் இருந்தால் போயிற்று.

முளைப்பயறு மிஞ்சிவிட்டது, தேங்காய்ச் சக்கையும் கிடக்கிறது. என்ன செய்ய?

இரண்டையும் சேர்த்து, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, தண்ணீர் தெளித்து மூடி, பயறு மெத்தென்று வேகும் வரை விட்டு இறக்குங்கள். மறுநாள் டிபன் பாக்ஸுக்கு ஆயிற்று. சக்கையை மட்டும் வைத்திருந்தால் அன்றே அடை மாவில் கலந்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மறுநாள் சிக்கு வாடை வந்துவிடும்.